உறவுக்காரப் பிள்ளையை வளர்க்கிறீர்களா? குமரி மாவட்டத்துக்கான முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பாட்டி வீட்டிலும் மாமன் வீட்டிலும் சித்தி வீட்டிலும் வளரும் பிள்ளைகள் ஏராளம். ஆழ்கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா குவைத்தில் நர்ஸ். இருவரும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இல்லையென்றால் விபத்து, நோய், குடி. காரணம் எதுவானாலும், துணிப்பையோடு பிள்ளை வாசலில் வந்து நின்றதும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அன்றைக்கே சோறும் பாயும் கிடைத்துவிடும்.

சிக்கல் பிறகுதான் வரும். பள்ளிப் படிவத்தில் பாதுகாவலர் கையெழுத்து கேட்பார்கள். வங்கியில் "நீங்க பிள்ளைக்கு யாரு?" என்பார்கள். பத்து வருடம் வளர்த்த பாட்டிக்கும் அப்போது காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அதனால் நான் முதலும் முடிவுமாக வற்புறுத்துவது ஒன்றைத்தான்: குடும்பத்தில் எல்லாரும் சுமுகமாக இருக்கும்போதே காகிதங்களைச் சரிசெய்துவிடுங்கள். சண்டை தொடங்கிய பிறகு அதே வேலை பத்து மடங்கு கடினம்.

முதல் படி: உங்கள் நிலை எது?

எல்லாருக்கும் ஒரே வழி கிடையாது. மூன்று நிலைகள் உண்டு.

பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், சம்மதத்தோடு பிள்ளையை விட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் கோர்ட்டு வேண்டாம், கடிதம் போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, யாரிடம் விடப்பட்டிருக்கிறது, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் அன்றாடப் பொறுப்புக்கும் அவர் கையெழுத்திடலாம் என்ற அனுமதி, இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலையும் இணைக்கட்டும். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சொத்து விஷயத்துக்கான பவர் பத்திரம் வேறு. வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும்.

ஒருவர் இறந்து மற்றவர் இருக்கிறார், ஆனால் பார்ப்பதில்லை என்பது இரண்டாவது நிலை. மூன்றிலும் சிக்கலானது இதுதான். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இருவரும் இல்லை என்பது மூன்றாவது. இங்கே உதவித்தொகைக்கும் சட்டப் பாதுகாவலர் ஆவதற்கும் வழி நேராக இருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு கோப்பு

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பெற்றோரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை நகல், உங்கள் ஆதார், வருமானச் சான்று, பள்ளிச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிப் புத்தகம். எந்த அலுவலகம் போனாலும் இவற்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். வாரிசு, வருமானச் சான்றுகளை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் தலா ரூ.60.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தலைவலி உண்டு. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து ஆட்களைப் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோகிறோம். மரணம் அங்கே நடந்தால் அங்கேதான் பதிவாகும். கேரளச் சான்று செல்லும், பயப்பட வேண்டாம். ஆனால் பெயரைக் கவனியுங்கள். கடற்கரை ஊர்ப் பாட்டி ஒருத்தி ஜவுளிக்கடைக் கவரிலிருந்து எடுத்து நீட்டும் இறப்புச் சான்றில் மகளின் பெயருக்குப் பின்னால் வீட்டுப் பெயர் இருக்கும். மகளின் ஆதாரில் முன்னால் இனிஷியல் இருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிலோ ஞானஸ்நானப் பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதைக் கண்டவுடனே திருத்த மனு கொடுங்கள். திருத்தம் வரும்வரை, "இவர் ஒருவரே" என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் கையில் இருக்கட்டும்.

மரணம் பதிவாகாமலே ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்வார்.

கடலில் காணாமல் போனவர் விஷயம் இன்னும் வேதனையானது. உடல் கிடைக்காவிட்டால் பொதுவாக 7 ஆண்டு தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் ஊகிக்கும். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது அரசு தனியாக முடிவெடுத்து, காணாமல் போன மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுத்தது. எல்லா விபத்துக்கும் அப்படி நடக்காது. ஆகவே அன்றைக்கே கடலோரக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். மீன்வளத்துறையிலும் எழுத்தில் தெரிவியுங்கள். பின்னால் வரும் எல்லா உரிமைக்கும் அந்த இரண்டு தாள்தான் அடித்தளம்.

குடும்ப அட்டையில் பிள்ளையைச் சேர்க்க, முதலில் பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இரண்டு வேலையும் இ-சேவையிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ முடியும். பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதார் கைரேகை புதுப்பிப்பது கட்டாயம். இதை விட்டுவிட்டு, உதவித்தொகை வரவேண்டிய நேரத்தில் திண்டாடுபவர்கள் நிறைய.

மூன்றாம் படி: உதவித்தொகை

நாகர்கோவிலில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

"அங்க போனா பிள்ளைய ஹோமுல கொண்டு போட்டுருவாங்க" என்று பல பாட்டிகள் பயந்து ஒதுங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே பிள்ளை குடும்பத்தில் வளர்வதைத்தான் முதலாவதாக வைக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. வீட்டைப் பார்க்க வருகிறவர் டைல்ஸ் போட்டிருக்கிறதா என்று பார்க்க வரவில்லை. பிள்ளை சாப்பிடுகிறதா, பள்ளிக்குப் போகிறதா, அடிபடாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இரண்டு திட்டங்கள் முக்கியம். ஒன்று, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவின் கீழ் வரும் நிதி ஆதரவு. 2022 வழிகாட்டுதல்படி பிள்ளை ஒன்றுக்கு மாதம் ரூ.4,000. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000-க்கு மேல் போகக் கூடாது. உறவினரோடு வாழும் பெற்றோரில்லாப் பிள்ளைகள் இதில் நேரடியாக வருகிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தினால் உதவியும் நின்றுபோகலாம்.

மற்றொன்று, தமிழக அரசு 2025 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அன்புக்கரங்கள். மாதம் ரூ.2,000, பள்ளிப் படிப்பு முடியும்வரை, 18 வயது வரைக்கும். இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. ஒருவர் இறந்து, மற்றவர் கைவிட்டுப் போயிருந்தாலும், சிறையில் இருந்தாலும், உயிர்க்கொல்லி நோயிலோ உடல், மனக் குறைபாட்டிலோ இருந்தாலும் கேட்கலாம். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அலகு அலுவலரிடமே கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இவை தவிர, பெற்றோரின் வேலையோடு ஒட்டி வரும் பணம் இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

அம்மா அண்டி ஆபீசில் வேலை பார்த்தவரா? முந்திரி ஆலைப் பெண்கள் பலருக்கு பி.எஃப். உண்டு. பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால் பிள்ளைக்கு அநாதை ஓய்வூதியம் வரும். மாதம் குறைந்தது ரூ.750, 25 வயது வரை, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. பி.எஃப். அலுவலகத்தில் படிவம் 10-டி கேளுங்கள். பி.எஃப். தொகைக்குக் கோர்ட்டுப் பாதுகாவலர் சான்று வேண்டும் என்று முன்பெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். பணம் நேராகப் பிள்ளையின் சொந்தக் கணக்குக்குப் போவதானால் அந்தச் சான்று தேவையில்லை என்று 2025 ஆகஸ்டில் பி.எஃப். நிறுவனம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பா பதிவுபெற்ற மீனவர், விபத்தில் இறந்தார் என்றால் குழு விபத்துக் காப்பீட்டில் ரூ.5 லட்சம் உண்டு. மீன்வளத்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சாலை விபத்தானால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். பிள்ளைக்காக வழக்காட நீங்கள் ஏற்கெனவே சட்டப் பாதுகாவலராக இருக்க வேண்டியதில்லை. கிடைக்கும் இழப்பீட்டில் பிள்ளையின் பங்கை வங்கியில் 18 வயது வரை வைப்பாகப் போடச் சொல்வதுதான் தீர்ப்பாயத்தின் வழக்கம்.

வருமானம் ஈட்டிய தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித்துறை மூலம் ரூ.75,000 வைப்பு உண்டு. தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போகும், அவரிடம் கேளுங்கள்.

பள்ளிக்கூடம்

டி.சி. வரவில்லை என்று சேர்க்கையை நிறுத்தி வைக்க முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது. 8-ஆம் வகுப்பு வரை அரசு, உதவிபெறும் பள்ளிகளில் இதைத் துணிந்து சொல்லலாம். எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்) இருந்தால் பழைய பள்ளி ஆன்லைனிலேயே விடுவித்துவிடும்.

வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து வீட்டு நிலையைச் சொல்லுங்கள். "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு டீச்சர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போகாது.

ஆஸ்பத்திரி

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவர் யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாதுகாவலர் மட்டுமின்றி, சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரும் சம்மதம் தரலாம். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை வேறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியானாலும் தனியார் ஆனாலும் பெற்றோர் சம்மதத்தைக் கேட்பார்கள். பெற்றோரின் அனுமதிக் கடிதம் அல்லது கோர்ட்டு உத்தரவு கையில் இருந்தால் அலைச்சல் இல்லை.

கோர்ட்டில் பாதுகாவலர் ஆவது

பெற்றோர் இருவரும் இல்லை, அல்லது பிள்ளைக்குச் சொத்தோ பெரிய இழப்பீட்டுத் தொகையோ இருக்கிறது என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். நமக்கு அது நாகர்கோவில். இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, எல்லாருக்கும் இந்தச் சட்டம் பொது. தனிச் சட்டமும் சேர்த்துப் பார்க்கப்படும். மனுவில் பிள்ளையின் வயது, வசிப்பிடம், சொத்து, நெருங்கிய உறவினர் பெயர்கள் எல்லாம் வரவேண்டும். அந்த உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும். இங்கேதான் சுமுகமாக இருக்கும்போதே செய்யுங்கள் என்று நான் சொல்வதன் பலன் தெரியும். பெரியப்பாவும் அத்தையும் "ஆட்சேபனை இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு இழுக்காது. அவசரம் என்றால் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், பூதப்பாண்டிப் பக்கம் உள்ளவர்கள் அந்தந்த நீதிமன்றத்தில் வட்டக் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் போனிலும் பேசலாம்.

தத்து எடுப்பது வேறு. இளைஞர் நீதிச் சட்டப்படி சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோர் எந்த மதமானாலும் உறவுக்காரப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு உத்தரவு தருபவர் கலெக்டர். தத்தெடுத்தால் பிள்ளை எல்லா வகையிலும் உங்கள் பிள்ளை. பெற்றோருடனான சட்ட உறவு முடிந்துபோகும். வளர்ப்பதற்கு மட்டும்தான் என்றால் பாதுகாவலர் உத்தரவே போதும். அவசரப்பட்டுத் தத்தில் இறங்க வேண்டியதில்லை.

அப்பா திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டால்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மகள் போய்ச் சேர்ந்தாள், மருமகன் வேறு கல்யாணம் செய்தான், ஐந்து வருடம் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது வந்து நிற்கிறான். பாட்டியின் நெஞ்சு கொதிப்பது நியாயம். ஆனால் சட்டத்தின் நிலை தெரிந்திருக்க வேண்டும். உயிரோடிருக்கும் அப்பாவோ அம்மாவோ தகுதியற்றவர் என்று கோர்ட்டு கருதாதவரை, அவர்களைத் தாண்டி வேறொருவரைப் பாதுகாவலராகப் போடுவது கடினம். 2019-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தாய் புற்றுநோயில் இறந்த குழந்தையைத் தாயின் சகோதரிகள் வளர்த்தார்கள். நோயிலிருந்து மீண்ட தந்தை கேட்டபோது, நீதிமன்றம் குழந்தையை அவரிடமே ஒப்படைத்தது.

அதற்காக வளர்த்தவர்களுக்கு எந்த இடமும் இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று சட்டம் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கோர்ட்டு கேட்கலாம். அப்பா பணம் அனுப்பவில்லை, வந்து பார்க்கவில்லை, குடித்துவிட்டு அடித்தார் என்பதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். யார் எப்போது வந்தார், எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பள்ளிக் கட்டண ரசீதையும் மருந்துச் சீட்டையும் எறியாதீர்கள்.

பிள்ளையை ஒளித்து வைப்பதும் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதும் மட்டும் வேண்டவே வேண்டாம். கோர்ட்டில் அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். வந்தவர் வன்முறை காட்டினாலோ, பிள்ளையை இழுத்துப் போக முயன்றாலோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகள் நலக் குழுவிலும் முறையிடலாம்.

"எனக்கு வயசாயிட்டு, என்கிட்ட தருவாங்களா?" என்ற கேள்விக்கு 2022-ல் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. கொரோனாவில் பெற்றோரை இழந்த குஜராத் சிறுவனை, வயது குறைவு, வருமானம் அதிகம் என்று சொல்லி உயர் நீதிமன்றம் சித்தியிடம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 71 வயதுத் தாத்தாவிடமும் 63 வயதுப் பாட்டியிடமும் ஒப்படைத்தது. வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோல் ஆக முடியாது என்றது.

பிள்ளையின் சொத்தும் நகையும்

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய பகுதி இது. அம்மாவின் நகை, அப்பாவின் ரப்பர்த் தோட்டத்தில் பங்கு, இழப்பீட்டுப் பணம் எல்லாம் பிள்ளையுடையவை. வளர்க்கிறோம் என்பதற்காக விற்கவோ அடகு வைக்கவோ உங்களுக்கு உரிமை வந்துவிடாது. கோர்ட்டு நியமித்த பாதுகாவலரும் நிலத்தை விற்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் பாதுகாவலர் விற்றால், 18 வயதான பிறகு 3 ஆண்டுக்குள் பிள்ளை வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். நகைகளைப் படம் எடுத்து, எடையோடு பட்டியல் எழுதி, இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு லாக்கரில் வையுங்கள். பிற்பாடு வரக்கூடிய பெரிய மனத்தாங்கல் ஒன்று இதோடு தீரும்.

10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் தானே கணக்குத் தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கியின் 2025 விதி இடம் தருகிறது. தொகை உச்சவரம்பை வங்கி முடிவு செய்யும். உதவித்தொகைக்குத் தனிக் கணக்கே நல்லது.

பிள்ளையிடம் என்ன சொல்வது

"அம்மை துபாய்ல இருக்கா, பெரிய பரீட்சை எழுதினதும் வருவா" என்று பாசத்தில் சொல்லிவிடுகிறோம். பிறகு ஒரு நாள் டியூஷனில் இன்னொரு பிள்ளை உண்மையைச் சொல்லும். அன்றைக்கு அம்மா போனது மட்டுமல்ல, பாட்டி மேல் இருந்த நம்பிக்கையும் போகும். சின்ன வார்த்தைகளில் உண்மையைச் சொல்லுங்கள்: "அம்மை இறந்து போனா மக்கா. இனி வரமாட்டா. அதுக்கு நீ காரணம் இல்ல. நான் உன்கூட இருக்கேன்." அந்த மூன்றாவது வாக்கியம் மிக முக்கியம். தான் அடம்பிடித்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று நம்பும் பிள்ளைகள் உண்டு. ஒரே முறை சொல்லி முடியாது. அது திரும்பத் திரும்பக் கேட்கும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

"உன் அப்பன் புத்திதானே உனக்கும்" என்ற பேச்சு எவ்வளவு கோபத்திலும் வரக் கூடாது. படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பாட்டை ஒளித்து வைப்பது, திடீரென்று படிப்பில் விழுவது எல்லாம் துக்கம் வெளிவரும் விதங்கள். மாதக்கணக்கில் நீடித்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

உங்களுக்குப் பிறகு?

அறுபதைத் தாண்டி வளர்ப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். தாத்தா, பாட்டி உயிலில் எழுதி ஒருவரைப் பிள்ளைக்குப் பாதுகாவலராக்க இந்துச் சட்டத்தில் இடமில்லை. அந்த அதிகாரம் பெற்றோருக்குத்தான். அதனால் கோர்ட்டு மனு போடும்போதே மாமனையோ சித்தியையோ சேர்க்கலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். உங்கள் சொத்தில் பிள்ளைக்குத் தர நினைப்பதை உயிலாக எழுதி, நம்பகமான ஒருவரை அதை நிறைவேற்றுபவராகப் போடுங்கள். அடுத்துப் பார்க்கப் போகிறவர் வீட்டில் பிள்ளை இப்போதே லீவுக்குப் போய்த் தங்கிப் பழகட்டும்.

சில சில்லறைக் கேள்விகள்

பாஸ்போர்ட் எடுக்கலாமா? எடுக்கலாம். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், தூதரகத்தில் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை அனுப்ப வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளி 25 சதவீத இடத்தில் சேர்க்கலாமா? பெற்றோரில்லாப் பிள்ளைகள் அதில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். நுழைவு வகுப்புக்கு மட்டும்தான்.

18 வயது ஆனதும்? பாதுகாவலர் பொறுப்பு அன்றோடு முடிகிறது. வங்கி வைப்பை எடுக்கப் பிள்ளையே நேரில் போக வேண்டும். ஃபைல், ரசீது நோட்டு, நகைப் பட்டியல் மூன்றையும் பிள்ளையிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.